ஈரத் தார்மீது இறங்கிய முக்குளிப்பான்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னுக்கு வந்த எங்களுக்கு, நோபல் பார்க் என்ற புறநகரில் ஒரு வீட்டின் பின்பக்கம் வாடகைக்குக் கிடைத்தது. ஊரில் பொறியியலாளராக இருந்த என் கணவர் இங்கே தொழிற்சாலைக்குப் போனார். நான் வீட்டோடு இருந்தேன். குளிர்காலம் தொடங்கிவிட்டால் கதவைத் திறக்கவே மனம் வராது. பேசுவதற்கு அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

ஞாயிறு காலைகளில் அவரும் பழைய தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். குளிர் வந்தால் முக்குளிப்பான் என்கிற நீர்ப்பறவைகள் குளங்களை விட்டுக் கடலுக்கு வந்து கூட்டமாய் மிதக்குமாம்.

"இந்தக் குளிருக்குள்ள குருவி பார்க்கப் போறதுக்கு உங்களுக்கென்ன விசரே?"

"ஒருக்கா வந்து பாரும். பிடிக்காட்டி இனிமேல் கேட்கமாட்டன்."

தனியே இருந்து அலுத்துப்போய், மழை விட்ட ஒரு காலையில் நானும் போனேன். சேலைக்கு மேல் தடித்த கோட்டு. காரை விட்டு இறங்கியதும் காற்று காதுக்குள் ஊசி போல ஏறியது. தூரத்துக் கறுப்பு அன்னங்களை அவர் ஆசையாய்க் காட்டினார். எனக்குக் கண்ணில் நீர்தான் வந்தது.

திரும்பி நடந்தபோதுதான், கார் நிறுத்துமிடத்தின் நடுவில் அதைக் கண்டேன். புறாவளவு சாம்பல் பறவை ஒன்று நெஞ்சைத் தார்மீது வைத்துப் படுத்திருந்தது. எழும்ப முயன்று முன்னுக்கு விழுந்தது. இரண்டு கடற்புறாக்கள் பக்கத்தில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

"ஐயோ, கால் முறிஞ்சு போச்சு போல."

அவர் குனிந்து பார்த்தார். "இல்லை, முக்குளிப்பான். இதுக்குக் கால் நல்லாப் பின்னால இருக்கிறதால தரையில நடக்க ஏலாது. தண்ணியில ஓடித்தான் பறக்கும். மழையில தார் மினுங்கினதைக் கடல் எண்டு நினைச்சு இறங்கியிருக்கு."

கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டு அள்ளினேன். அது என் விரலைக் கொத்தியது. கோட்டுக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது கைக்குத் தெரிந்தது.

"இங்க தாரும், நான் கடலில கொண்டுபோய் விடுறன்."

"இல்லை, நானே விடுறன்."

ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேனோ தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கினேன். கால் விறைத்துப்போனது. கோட்டை விரித்ததும் பறவை நழுவி நீரில் விழுந்து, அப்படியே மூழ்கிக் காணாமல் போனது.

"தண்ணிக்குள்ள தாண்டு போச்சே?" என்று அழுகிற குரலில் கேட்டேன்.

"பொறும், பொறும்."

வெகு தூரத்தில் அது மேலே வந்து தலையைச் சிலுப்பியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். இந்த நாட்டுக்கு வந்தபின் அப்படிச் சிரித்தது அதுவே முதல் தடவை. அவர் பறவையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாயோடு உலாவ வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் கரையில் நின்று பார்த்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். ஒன்றும் கேட்காமல் தன் காரிலிருந்து ஒரு சோடிக் கம்பளிக் காலுறையும் பிளாஸ்கில் தேநீரும் கொண்டுவந்தாள். என் ஆங்கிலம் தடுமாறியது. "அவசரமில்லை, ஆறுதலாகச் சொல்" என்று அவள் சொன்னது மட்டும் நன்றாக விளங்கியது.

காலுறையைத் திருப்பிக் கொடுக்க அடுத்த ஞாயிறும் போனேன். பிறகு அதற்கென்று ஒரு காரணம் தேவைப்படவில்லை. மறுவருடம் எங்கள் மகள் பிறந்தபோது, வேலையிலிருந்து அவர் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான். அம்மாவும் சகோதரிகளும் கடல்களுக்கு அப்பால் இருந்த அந்த நேரத்தில், எனக்கென்று ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். அந்த நன்றி இன்றைக்கும் நெஞ்சில் அப்படியே இருக்கிறது.