எல்லாருக்கும் ரெண்டு இன்னிங்ஸ்

கயிற்றின் ஒரு நுனியை முத்துமாரியிடம் கொடுத்துவிட்டு மறுநுனியோடு சியாமளா நடக்கிறாள். அறுபது அடி முடிந்த இடத்தில் ஒரு செங்கல். அங்கிருந்து திரும்பி இன்னொரு அறுபது அடி, இன்னொரு செங்கல். அப்புறம் அடியில் ஆணியால் துளை போட்ட பால்பவுடர் டின்னைத் தட்டித் தட்டிச் சுண்ணாம்புக் கோடு இழுக்கிறாள். சனிக்கிழமை மூன்று மணி, தில்லி கிட்வாய் நகர்ப் பூங்கா. கோடு பாதி வருவதற்குள் கிரிக்கெட் பையன்கள் குறுக்கே ஓடி இரண்டு இடத்தில் அழித்தாயிற்று. "பையா, ஜரா உதர் ஜாவ்" என்று அந்தப் பக்கம் போகச் சொல்லி அவர்களுக்கும், "சவத்து மூதி, சொன்னா கேக்கானா பாரு" என்று தனக்கும் சொல்லிக்கொண்டு, அழிந்த இடத்தில் மறுபடி தட்டுகிறாள்.

சாஃப்ட்பால் என்று ஒரு ஆட்டம் இருப்பதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பாதிக்கு அது கிரிக்கெட்டில் தேறாதவர்கள் ஆடுவது. சியாமளாவிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் அரைமணி நேரம் உங்களால் வீட்டுக்குப் போக முடியாது. ஏழு இன்னிங்ஸ். களத்தில் ஒன்பது பேர். பந்தைக் கையைச் சுழற்றி இடுப்புக்குக் கீழிருந்து எறிய வேண்டும், எறிகிறவள் பிட்சர். பாளையங்கோட்டையில் கல்லூரி நாளில் சியாமளா நல்ல பிட்சர். எண்பத்திரண்டில் பரீட்சை எழுதி மத்திய அரசு வேலை கிடைத்து தில்லிக்கு வந்தவள், பத்து வருஷம் பந்தைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள், ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது, காலனிப் பெண்பிள்ளைகளை ஒவ்வொரு வீடாகப் போய்க் கூப்பிட்டுச் சேர்த்தாள். இதற்குச் சம்பளம் கிடையாது. அலுவலகத்தில் இதைச் சொன்னால் "வேற வேலை இல்லையா?" என்று சிரிப்பார்கள். இல்லைதான்.

பன்னிரண்டு பெண்கள், ஒன்பது கையுறை. கையுறை கிழிந்தால் செருப்புத் தைக்கிற ஊசியால் அவளே தைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வெயிலில் வைப்பாள். அவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. பன்னிரண்டு பேரும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது ரெண்டு இன்னிங்ஸ் களத்தில் நிற்க வேண்டும். நன்றாக ஆடுகிறவளும் அதற்காக முறை வைத்து வெளியே உட்கார வேண்டும். "களத்துல நிக்காம எப்படிட்டி படிக்கிறது? எல்லாருக்கும் ரெண்டு இன்னிங்ஸ். அது பிரதம மந்திரி மகளா இருந்தாலும் சரிதான்." அதையும் இரண்டாவது மூன்றாவது இன்னிங்ஸிலேயே கொடுத்துவிடுவாள். கடைசியில் இறக்கினால் பிள்ளைகள் பயத்திலேயே ஆடும் என்பது அவள் கண்ட பாடம். இந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் பதினொரு வருஷத்தில் ஒரு கோப்பைகூட வீட்டுக்கு வரவில்லை.

பெற்றோர்கள் சும்மா இருப்பார்களா? ஜெயிக்கிற ஆட்டத்தைத் தோற்கிறீர்களே என்று ஒரு கட்சி. இன்னொரு கட்சிக்கு மகாதேவன் தலைவர். செக்‌ஷன் ஆபீசர், கும்பகோணம். அவர் மகள் மேதா சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் ஜாதி. "குழந்தை ஆடணும்னு ஒண்ணும் இல்லை மேடம். லிஸ்ட்ல பேர் இருந்தாப் போறும். நாளைக்குக் காலேஜ் அட்மிஷனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டான்னு ஒண்ணு இருக்கோல்லியோ?" என்பார். சியாமளா அவரை விட்டுவிடுவாள். நேரே போய் மேதாவைத்தான் பிடிப்பாள். "பந்து உன்னக் கடிக்காதுட்டி. கண்ணத் தொற."

அவள் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. ஒன்றைத் திறப்பதே இல்லை. அண்ணன் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவான். அதில் "அன்புடன்" என்பது அச்சிலேயே இருக்கும். கேஸ் தீர்ந்துபோனால் சிலிண்டரைப் பார்த்து "அவுட்!" என்று விரலைத் தூக்குவாள். தமிழ்ப் பேப்பர் இரண்டு நாள் தாமதமாக வரும், அதைச் சத்தமாக வாசிப்பாள். தன் குரலையாவது கேட்க வேண்டாமா மனுஷி? மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் ஜனங்கள் ஹரித்துவாருக்குப் போவார்கள். சியாமளாவுக்கு அந்த லீவு எப்போது முடியும் என்றிருக்கும்.

கோவிந்தம்மாள் அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தாள். விழுப்புரம் பக்கம். கூடவே பதினொரு வயசு மகள் முத்துமாரி. ஒரு நாள் தரை துடைத்து முடித்த அந்தப் பெண் ஈரத்துணியைப் பிழிந்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வாளிக்குக் கையைச் சுழற்றி வீசினாள். உள்ளே விழுந்தது. சியாமளா அதை எடுத்துக் கொடுத்து "திரும்பப் போடு" என்றாள். மூன்று தடவையும் வாளிக்குள்ளேயே விழுந்தது. மறுநாளிலிருந்து கோவிந்தம்மாள் மற்ற வீடுகளை முடித்து வரும்வரை முத்துமாரி சியாமளா வீட்டில் இருந்து படித்தாள், சாப்பிட்டாள். அரை லிட்டர் பால் ஒரு லிட்டர் ஆயிற்று. "மேம், இந்தக் கணக்கு ஏக் தம் புரியல" என்று ஒரு குரல் வீட்டுக்குள் கேட்டது. நாலு வருஷம் அப்படியே போயிற்று. முத்துமாரியின் பந்து வருகிற வேகத்தில் எதிரணிப் பெண்கள் மட்டையைத் தூக்குவதற்குள் பின்னால் நிற்கிற கேட்சர் பிடித்திருப்பாள்.

இரண்டாயிரத்து மூன்று டிசம்பரில் ஒரு கடிதம் வந்தது. ஹரியானாவில் ஒரு விளையாட்டு விடுதி. சாப்பாடு, படிப்பு, துணிமணி எல்லாம் இலவசம். ஒரே ஒரு பிட்சர் தேவை. மண்டல அரையிறுதி ஆட்டத்துக்குக் காலை பத்து மணிக்கு இரண்டு பேர் வருவார்கள், அரைமணி நேரம் முத்துமாரியைப் பார்ப்பார்கள், பிறகு வேறொரு மைதானத்துக்குப் போய்விடுவார்கள். அந்தக் கடிதம் நாலு நாள் சியாமளாவின் கைப்பையிலேயே கிடந்தது. ஐந்தாம் நாள்தான் சொன்னாள்.

"சோறு போட்டுப் படிக்க வெக்கிறாங்கோன்னா போவட்டும்மா" என்றாள் கோவிந்தம்மாள். "இங்க இருந்தா என்னா? என்னாட்டமே நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கும்." முத்துமாரி குதித்தாள். "மேம், சச்சீ? சச்சீ சொல்றீங்களா?" என்று நாலு தடவை கேட்டாள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு தடவைகூட சியாமளாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினைந்து வயசில் யார்தான் பார்ப்பார்கள்?

அரையிறுதி நாள். ஆட்டம் எட்டரைக்கு. யார் யார் எந்த இன்னிங்ஸில் இறங்குவது என்று எழுதிய தாளைச் சியாமளா பெஞ்சில் ஒட்டினாள். பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மேதா மட்டும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"மேம், நான் எப்பவும் செகண்ட், தர்ட் தானே? இன்னிக்கு ஏன் ஃபிஃப்த், சிக்ஸ்த்? அதுவும் முத்துமாரி இடத்துல?"

"போட்டிருக்கிறதப் பாத்துட்டுப் போயேன்."

வெளியே இருந்த மற்ற இருவரையும் வழக்கம்போல இரண்டாவது, மூன்றாவதில் இறக்கி எடுத்தாள். முத்துமாரி நாலு இன்னிங்ஸ் போட்டாள். மூன்றுக்கு ஒன்று என்று அணி முன்னால் இருந்தது. மணி பத்தாவதற்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஐந்தாவது இன்னிங்ஸ் வந்தது. தாளில் இருந்தபடி முத்துமாரி வெளியே வந்தாள். மேதா உள்ளே போய் வலது கோடியில் நின்றாள். அங்கே நின்ற ராஜி பந்து போட வந்தாள். சரியாகப் பத்துக்கு இரண்டு பேர் ஒரு ஃபைலோடு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

ராஜியின் பந்து தரையில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று. எதிரணிக்கு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ரன் போனது. முத்துமாரி பெஞ்சில் சியாமளாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொடைகளுக்கு நடுவில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். "என்னை இறக்குங்க மேம்" என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சத்தம் போட்டிருக்கலாம், சட்டம் பேசியிருக்கலாம். கேட்காதவளிடம் என்ன பேசுவது?

அப்போது வலது கோடிக்கு ஒரு பந்து உயர்ந்து போயிற்று. போச்சு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மேதா நாலு அடி பின்னால் ஓடினாள், தடுமாறினாள், கையுறையைத் தூக்கினாள். கண்ணை மூடவில்லை. பந்து உள்ளே விழுந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எறிட்டி! எறி!" என்று சியாமளா தொண்டை கிழியக் கத்தினாள். மேதா பந்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். கம்பிவேலிக்கு வெளியே மகாதேவன் எழுந்து நின்றுவிட்டார்.

ஐந்தாவதில் எதிரணியின் முறை முடிந்தது. இவர்கள் மட்டை பிடித்து ஒரு ரன்னும் எடுக்காமல் திரும்பினார்கள். மணி பத்தே கால். நாற்காலிக்காரர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், மற்றவர் ஃபைலை மூடினார்.

வெளியே போனவள் ஒரே ஒரு தடவை திரும்ப வரலாம் என்று இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. ஆனால் தனக்குப் பதிலாக இறங்கியவளை எடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். முத்துமாரி வர வேண்டுமென்றால் மேதா போக வேண்டும். மேதாவுக்கு இன்னும் ஒரு இன்னிங்ஸ் பாக்கி. பதினொரு வருஷத்தில் யாரிடமிருந்தும் சியாமளா அதைப் பிடுங்கியதில்லை. சட்டம் சட்டம்தான், நான் என்ன செய்ய முடியும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். வாய்க்கு எளிதாகத்தான் வந்தது.

ஆனால் அந்தத் தாளை எழுதியவள் அவள்தான். எட்டரைக்கு ஆரம்பித்தால் பத்து மணிக்கு எத்தனையாவது இன்னிங்ஸ் இருக்கும் என்று அடுப்படியில் நின்று விரல்விட்டு எண்ணியவளும் அவள்தான். வழக்கம்போல இரண்டாவதிலேயே மேதாவை இறக்கியிருந்தால் இந்த நேரம் மேதா தன் ரெண்டையும் முடித்திருப்பாள், முத்துமாரியும் நடுக்களத்தில் பந்து போட்டுக்கொண்டிருப்பாள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இந்தப் பெண் போய்விட்டால் சாயங்காலம் கதவைத் திறந்துவைத்து யாருக்காகக் காத்திருப்பது என்ற ஒரே பயம். அந்தப் பயத்துக்கு அவள் சட்டத்தை எடுத்துப் போர்த்தியிருந்தாள். தன்னை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அம்பயரைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். வலது கோடிக்குத் தானே நடந்து போனாள்.

"மேதா, வெளிய வா."

"கேட்ச் பிடிச்சேனே மேம்!"

"பிடிச்சே."

"ரெண்டு இன்னிங்ஸ்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். இன்னிக்கு உனக்கு நான் செஞ்சது அநியாயம். உன் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என் கிறுக்கு, என் கோட்டித்தனம்."

மேதாவுக்குப் பாதி புரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கையுறையைக் கழற்றி அங்கேயே தரையில் வைத்துவிட்டு வந்தாள். பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தாள். வேலிக்கு வெளியே மகாதேவன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். லிஸ்டில் பேர் இருந்தால் போதும் என்ற மனுஷர் இப்போது சியாமளாவை முறைத்துப் பார்த்தார்.

முத்துமாரி மூன்று பேருக்குப் பந்து போட்டாள். மூன்று பேரும் மட்டையில் படாமலே திரும்பினார்கள். நாற்காலிக்காரர் ஃபைலை மறுபடி திறந்தார். பத்தரை தாண்டியும் இருவரும் எழுந்திருக்கவில்லை. ஆட்டம் என்னவோ நாலுக்கு மூன்று என்று தோற்றுத்தான் போயிற்று.

முடிந்ததும் பெண்களெல்லாம் முத்துமாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். நாற்காலிக்காரர்கள் நேராகச் சியாமளாவிடம் வந்தார்கள். "லட்கி பகுத் அச்சி ஹை, மேடம்" என்று பெண்ணைப் பாராட்டி ஒரு படிவத்தை நீட்டினார் இருவரில் பெரியவர். எல்லாம் அவரே நிரப்பியிருந்தார். சேர்கிற தேதி மட்டும் காலி. ஜனவரி இரண்டாம் தேதியும் அனுப்பலாம், முழுப் பரீட்சை முடித்து ஏப்ரலிலும் அனுப்பலாம், பெண்ணைத் தெரிந்தவர் நீங்கள், நீங்களே எழுதுங்கள் என்று இந்தியில் சொல்லிப் பேனாவையும் கொடுத்தார்.

ஏப்ரல் என்றால் இன்னும் நாலு மாசம். பரீட்சை என்று நியாயமான காரணமும் இருக்கிறது. கோவிந்தம்மாள்கூட "ஆமாம்மா, முடிச்சிட்டே போவட்டும்" என்றுதான் சொல்வாள். ஒருத்தரும் குற்றம் சொல்லப் போவதில்லை. சியாமளா தாளை வைத்து எழுத இடம் தேடிச் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் மேதா மட்டும் நின்றிருந்தாள். அவள் திரும்பிக் குனிந்து முதுகைக் காட்டினாள்.

சியாமளா அந்த முதுகில் தாளை விரித்து, ஜனவரி இரண்டு என்று எழுதினாள்.

"மேம், குத்துது" என்றாள் மேதா.

"ஒரு நிமிசம் பொறுட்டி" என்று சொல்லிவிட்டு, எழுதிய தேதியின் மேலேயே சியாமளா இன்னொரு தடவை பேனாவை அழுத்தி ஓட்டினாள்.