நான் வேண்டாம் என்ற கூடாரம்

என் தங்கையின் கணவர் முதலில் பெண் கேட்டு வந்தது எனக்காகத்தான். பாறசாலைக்குத் தெற்கே எங்கள் கிராமத்தில் இது எல்லோருக்கும் தெரியும். மலபார் மலைகளில் நிலம் அளக்கும் உத்தியோகம் அவருக்கு. வருஷத்தில் எட்டு மாதம் கூடாரத்தில்தான் குடித்தனம் என்று தரகர் சொன்னதும் நான் கதவுக்குப் பின்னால் நின்றபடியே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "காட்டுல துணிக்குக் கீழ கெடக்க என்னால ஆவாது."

அப்பா வற்புறுத்தவில்லை. ஆனால் நல்ல வரனைக் கைவிட மனமில்லாமல், ஒரு வாரம் கழித்துத் தங்கையிடம் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "எனக்குச் சம்மதமாக்கும்" என்றாள்.

அடுத்த வருஷம் நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு என்னைக் கொடுத்தார்கள். ஓட்டு வீடு, வற்றாத கிணறு, சாயங்காலம் விளக்கு ஏற்றும் முன் வீடு திரும்பும் கணவர். தங்கையின் கடிதங்கள் வரத் தொடங்கும்வரை எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அவள் பந்தலூரிலிருந்து எழுதினாள். நாங்கள் பிறப்பதற்கு முன்பு அந்த மலைகளில் தங்கம் இருக்கிறது என்று சீமைவரை செய்தி பரவியதாம். வெள்ளைக்காரர்கள் கம்பெனி கம்பெனியாக வந்து இறங்கி, பாறையைக் குடைந்து, பங்களா கட்டி, குதிரைப் பந்தயத் திடல்கூட அமைத்தார்களாம். செலவுக்குக் காணும் தங்கம் கிடைக்காமல் சில வருஷத்திலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போனார்களாம். இப்போது தேயிலை போடுவதற்காக அந்த நிலத்தைத் தன் கணவர் அளக்கிறார் என்றும், சுற்றுவட்டாரத்துத் துரைகளும் துரைசானிகளும் வண்டி கட்டி வந்து பழைய சுரங்கங்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றும் எழுதியிருந்தாள். "நீயும் அத்தானும் தை மாசம் வாருங்கள். உங்களுக்கென்று தனிக் கூடாரம் அடித்து வைக்கிறோம்."

அவள் கஷ்டப்படுவதைப் பார்க்கத்தான் போனேன். இன்று அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

திருவனந்தபுரம்வரை வில்வண்டி, அங்கிருந்து காயல் வழியாக வள்ளம், பிறகு ரயில், பிறகு மாட்டுவண்டி. மலை ஏறி முடிந்தபோது எனக்கு இடுப்பே இல்லை. பழைய பந்தயத் திடலில் நாலு கூடாரங்கள் வெள்ளையாக நின்றன. தங்கை ஓடி வந்தாள். காலில் ஆண்பிள்ளைச் செருப்பு. முகம் கறுத்திருந்தது. ஆனால் இவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை.

"மைனி, இருங்க, காப்பி கொண்டு வாறேன்" என்றார் அவள் கணவர். தானே அடுப்பில் ஊதிக் காப்பி போட்டார். எனக்கும் என் கணவருக்கும் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஆற்றிக் கொடுத்தார். என் கணவர் இதைப் பார்க்காததுபோல மலையைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் தங்கையின் கணவர் முக்காலிமேல் வைத்த கருவிக்குள் ஒரு கண்ணை வைத்து எண்களைக் கூவினார். தங்கை ஒரு கல்லில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். ஒருமுறை அவள், "அது சரியா இருக்காது, இன்னொருக்க பாருங்க" என்றாள். அவர் மறுபடியும் பார்த்தார். "நீ சொன்னதுதான் சரி" என்று சிரித்தார்.

எங்கள் இருவரில் கையெழுத்து அழகு எனக்குத்தான். கணக்கும் எனக்குத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் அவள் என் சிலேட்டைப் பார்த்து எழுதியவள். கல்யாணமான பிறகு நான் எழுதியதெல்லாம் பலசரக்குச் சீட்டு மட்டும். அந்த நோட்டை அவள் மடியிலிருந்து பிடுங்கிக்கொள்ள என் விரல்கள் துடித்தன.

அன்று மத்தியானம் ஓடைக்குப் போனோம். அந்தப் பக்கத்துக் குறும்பர் பெண் ஒருத்தி குழிவான மரத்தட்டில் மணலை அள்ளி, நீரில் சுழற்றிச் சுழற்றி அரித்துக் காட்டினாள். மண் போய், கல் போய், கடைசியில் கறுப்பு மணல் தங்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அதில் ஒரு மஞ்சள் துளி இருக்கும். நாங்களும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். நான் முதுகு ஒடிய அரித்தேன். ஒன்றும் இல்லை. தங்கை ஐந்தாறு தட்டு அரித்திருப்பாள், "அக்கா!" என்று கத்தினாள்.

கடுகில் பாதி இருக்கும். ஆனால் வெயிலில் அது மின்னிய மின்னல்! அவள் கணவர் தண்ணீரைத் தெறித்துக்கொண்டு ஓடி வந்தார். அதை ஒரு இலையில் வைத்து, "இதப் பிடிச்சுக்கிடுக்கா, சிமிழ் எடுத்துட்டு வாறேன்" என்று தங்கை என் கையில் கொடுத்துவிட்டுக் கரைக்கு ஏறினாள்.

இவளுக்கு இதுவுமா என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். கை தானாகச் சாய்ந்தது என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தானாகச் சாயவில்லை. சாய்த்தேன். இலை தண்ணீரில் கவிழ்ந்து போயிற்று.

"ஐயோ, வழுக்கிப்போச்சு" என்றேன்.

அவள் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "போவட்டு மைனி! கம்பெனிக்காரனுக்கே நிக்காத தங்கம், நமக்கா நிக்கப்போவுது?" தங்கை சிமிழோடு கரையிலேயே நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் பழைய இயந்திரம் காட்டுகிறேன் என்று என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். பாறை இடிப்பதற்காகக் கொண்டுவந்த பெரிய இரும்பு உலக்கைகள் துருவேறிச் செடிகளுக்குள் கிடந்தன. அதில் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.

"நீ தெரிஞ்சுதான் இலையைக் கவுத்தே. நான் மேலேருந்து பாத்தேன்."

"பாத்தியானா அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"அவரு முன்னால ஒன்னக் கொறச்சுக் காட்ட எனக்கு மனசில்ல." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அசூயை ஆக்கும், இல்லியா?"

நான் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"எனக்க கிட்ட இருக்கியது ஒண்ணும் ஒன்கிட்டேருந்து பறிச்சதில்லக்கா. நீ வேண்டாம்னு போட்டத நான் எடுத்தேன். அவ்வளவுதான்."

அவள் அழுதிருந்தால் நானும் அழுது சமாதானமாகியிருப்பேன். அவள் எழுந்து முன்னால் நடந்தாள். நாங்கள் கிளம்பிய அன்று வழிக்குக் கட்டுச்சோறு கட்டித் தந்தாள், என் கணவரிடம் பத்திரமாகப் போகச் சொன்னாள். என் கையை மட்டும் பிடிக்கவில்லை.

திரும்பும் வழியில், வள்ளத்தில், என் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அசூயை உண்டு" என்றார்.

"யாருமேல?"

"அந்த மனுசன்மேல. மொதல்ல ஒன்ன அவருக்குத்தானே கேட்டாவ."

இது அவருக்குத் தெரியாது என்று அத்தனை நாளும் நம்பியிருந்தேன்.

"ஆனா நீ அவரப் பாக்கல்ல" என்றார். "அவ கையில இருந்த நோட்டத்தான் பாத்துக்கிட்டிருந்தே. அதுவும் எனக்குத் தெரியும். நான் கச்சேரியில எழுதுததையெல்லாம் ஒனக்குக் காட்டவா? ஒரே எழவு. வாசிச்சா ஒறக்கம் வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. கல்யாணமான பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. தள்ளுகோல் போட்டுக்கொண்டிருந்த வள்ளக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

ஆனாலும் ஊரில் பெண்கள் வந்து விசாரித்தபோது, "என்னத்தச் சொல்ல, அட்டைக்கடி தாங்க முடியல்ல" என்றுதான் சொன்னேன். தை மாதத்தில் அங்கே ஒரு அட்டைகூட இல்லை.

தங்கைக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்தான் கவிழ்த்தேன், வேண்டுமென்றே கவிழ்த்தேன் என்று எழுதினேன். இரண்டு மாதம் பதில் இல்லை. மழை தொடங்கிய பிறகு ஒரு கடிதம் வந்தது. தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த வேலை முடியப் போகிறது, அடுத்து எந்த மலை என்று இன்னும் தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். கடைசியில், "இங்கே கிடைக்கிற கருப்பட்டி மண்ணாக இருக்கிறது. நம் ஊர்க் கருப்பட்டி இரண்டு சிப்பம் அனுப்பு."

அடுத்து எந்த மலை என்று தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்தபோது எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. எரிச்சலோடேயே சந்தைக்கு ஆளனுப்பி நல்ல கருப்பட்டியாகப் பொறுக்கி வாங்கச் சொன்னேன். இரண்டு சிப்பம் கேட்டாள், நாலு கட்டினேன். என் கணவர் ஓலைப்பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கி, மேலே முகவரியை என்னை எழுதச் சொன்னார்.