பார்க்குக்குள்ள ஆனை

மதுக்கரைப் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் குடியிருப்பு. அரசாங்கம் நெருக்கி நெருக்கிக் கட்டிக்கொடுத்த அடுக்கு வீடுகள். நடுவில் ஒரு பூங்கா. அது பூங்கா என்பதை வாசல் பலகை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே சீமைக்கருவேலம், துருப்பிடித்த சறுக்குமரம், யாரோ தூக்கிப்போட்ட மெத்தை. அந்த மெத்தையில் தினமும் படுத்துறங்கும் நாய் ஒன்றுதான் பூங்காவை முறையாக அனுபவித்த ஜீவன்.

அங்கே சாக்கடைக் குழாய்களை அடுக்கப்போவதாகப் பேச்சு வந்ததும் குடியிருப்பு வாரியப் பொறியாளரைப் போய்ப் பார்த்தோம்.

"ஞாயித்துக்கிழமை காலைல வர்றனுங்க. சுத்தம் பண்ண ஆளுக நின்னா பார்க்கு. இல்லீன்னா குழாயி" என்றார்.

வாய் நீளம் என்ற ஒரே தகுதியால் ஆள் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. எல்லோரும் "வந்தர்றனுங்க" என்றார்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நிஜமாக வருகிறவன், "எத்தன மணிக்குங்க? காப்பி உண்டுங்களா?" என்று கேட்பான். வெறும் "வந்தர்றனுங்க" என்றால் மரியாதையாகக் கதவைச் சாத்துகிறான் என்று பொருள். நானே எத்தனை கல்யாணங்களை அந்த ஒரு சொல்லால் தாண்டியிருக்கிறேன்!

ஞாயிறு விடிந்ததும் மண்வெட்டியோடு பூங்கா வாசலில் நின்றேன். ஈ, காக்கை இல்லை. போன் சிணுங்கியது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எதிர்வீட்டு அம்மணி எழுதியிருந்தார்: "பார்க்குக்குள்ள ஆனை"

எங்கள் பக்கம் யானை வருவது புதிதல்ல. போதாக்குறைக்கு உள்ளே ஒரு கருவேலப் புதர் அசைந்தது. அதற்குப் பிறகு நடந்த எதிலும் என் மூளைக்குப் பங்கில்லை. வாசலை ஒட்டி உயரமான தண்ணீர்த்தொட்டி, இரும்பு ஏணியோடு. மாடிப்படிக்கே மூச்சு வாங்கும் இந்த உடம்பு அதன் உச்சியில் நின்று "ஆனை! ஆனை!" என்று கத்திக்கொண்டிருந்தது.

சனம் தெறித்து ஓடியது, பூங்காவை நோக்கி. "வந்தர்றனுங்க" சொன்ன அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். விரட்டுவதற்குத் தட்டு, தகர டப்பா, வெளக்குமாறு, படமெடுக்க செல்போன். ஒருவர் வாழைப்பழச் சீப்போடு வந்திருந்தார்.

என் மனைவி அண்ணாந்து பார்த்தாள். "ஏனுங்க, எங்களையெல்லாம் ஊட்டுல உட்டுப்போட்டு நீங்க மட்டும் மேல ஏறிக்கிட்டீங்களாக்கும்?"

புதர் மறுபடி அசைந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. எதிர்வீட்டு அம்மணி களைக்கொத்தோடு வெளியே வந்தார், சேலையெல்லாம் முள்.

"ஆனை எங்கீங்கக்கா?" என்றேன் மேலிருந்தே.

"எந்த ஆனை? போனுல வந்தத முழுசாப் படிக்க மாட்டீங்களா?"

படித்தேன். அடுத்த வரி எப்போதோ வந்திருந்தது: "நெருஞ்சி நெறையாக் கெடக்குது. செருப்புப் போட்டுட்டு வாங்க."

ஆனைநெருஞ்சி. முழங்கால் உயரம்கூட வளராத முள்செடி.

சிரிப்பு அடங்குவதற்குள் பொறியாளரின் ஜீப் வந்து நின்றது. கூட்டத்தையும் வெளக்குமாறுகளையும் பார்த்து அசந்துபோனார். பிறகு என்னைப் பார்த்தார். "அவரு மேல என்னங்க பண்றாரு?"

அந்த 'அவரு', அதாவது நான், இறங்கப் பயந்து ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மணி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எங்க தலைவருங்க. செடிக்குத் தண்ணி வேணுமில்லீங்களா, தொட்டியப் பாக்குறாரு."

"காஞ்சு கெடக்குதுங்க!" என்றேன் நானும் எட்டிப் பார்த்து. குரல் நடுங்கியது. அதைப் பொறியாளர் பொது அக்கறை என்று எடுத்துக்கொண்டார்.

குழாய்கள் வேறிடம் போயின. தொட்டிக்குத் தண்ணீர் வந்தது. சறுக்குமரத்தைச் சுற்றி நாங்கள் நட்ட வேப்பங்கன்றுகள் நெஞ்சுயரத்துக்கு வந்துவிட்டன. மெத்தையை இழந்த நாய் மட்டும் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஞாயிறு வேலைக்குக் கூப்பிட்டால் "ஆனை வந்திருக்குதுங்களா?" என்று சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுக்கிறார்கள்.

தொட்டியை ஏறிப் பார்ப்பது தலைவர் வேலை என்றும் ஒருமனதாக முடிவாகிவிட்டது.

"ஏனுங்க தலைவரே, தண்ணி வருதான்னு பாக்கோணும், ஏறுங்க" என்று கீழிருந்து குரல் வரும்.

"வந்தர்றனுங்க" என்பேன், மரியாதையாக.