தட்டைத் தூக்கிய சாரணியர்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே குரல் பெரிது. அதற்காக வீட்டில் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. "தெருக்கோடிக்குக் கேக்குது, மெதுவாப் பேசுடி" என்று அம்மா சொல்லாத நாளே கிடையாது. அந்தக் குரலுக்காகவே எனக்கு ஒரு பதவி கிடைக்கும் என்று யார் கண்டது? பள்ளியில் சாரணியர் படையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே டீச்சர் என்னை ஓர் அணிக்குத் தலைவியாக்கினார். ஏன் டீச்சர் என்று கேட்டதற்கு, "மைதானத்தோட அந்த மூலையில நிக்கிறவளுக்கும் நீ சொல்றது கேக்குது" என்றார். புத்திசாலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதில் எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

ஐம்பதுகளின் கடைசி அது. தாவணி போட்ட பெண்கள் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு திருச்சி ரோட்டில் வரிசையாக நடந்தால், சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எங்களுக்குக் கூச்சமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

டீச்சர் எங்களுக்கு முதலில் பழக்கியது விசிலுக்குக் கட்டுப்படுவது. நீளமாக ஒரு விசில் அடித்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அடுத்த விசில் வரும்வரை விரல்கூட அசையக் கூடாது. விட்டுவிட்டு அடித்தால் அவரிடம் ஓட வேண்டும். ஒருநாள் நீள விசில் அடித்தபோது ஒருத்தியின் கால் எறும்புப் புற்றின் மேல் இருந்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழிய அசையாமல் நின்றாள். டீச்சர் அவளை எல்லார் முன்னாலும் கூப்பிட்டுப் பாராட்டினார். அன்றிலிருந்து, அசையாமல் நிற்கிறவள்தான் நல்ல கைடு என்று எங்கள் மண்டையில் ஏறிவிட்டது.

அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் எங்கள் படைக்கு வேலை கொடுத்தார்கள். படித்துறையின் கீழ்ப் படிகளை ஒட்டி, இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும். கயிற்றைத் தாண்டி ஆற்றுக்குள் யாரையும் விடக் கூடாது. வேலை அவ்வளவுதான். காவிரி கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஆற்றைவிடப் பெரிய பயம் ஒன்று அன்று இருந்தது. அக்காவுக்கு அது தலை ஆடி. தை மாதம்தான் மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி மில் வீட்டில் அவளைக் கொடுத்திருந்தோம். ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவந்த பெண்ணோடு மாமியாரும் ஆற்றங்கரைக்கு வருவது வழக்கமில்லை. இந்த மாமியார் வந்தார். தாலிக்கயிறு மாற்றுவதை நாங்கள் முறையாகச் செய்கிறோமா என்று பார்க்க வந்தார். முதல் நாளே என் யூனிஃபாரத்தை மேலும் கீழும் பார்த்து, "வயசுக்கு வந்த பொண்ணை விசில் ஊத விட்டிருக்கீங்களே" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அக்காவோ தண்ணீர் குடிக்கக்கூட அவர் முகத்தைப் பார்க்கிறவளாகியிருந்தாள். அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், "உன்னைக் கும்புட்டுக் கேக்கறேன். ஆத்துல எங்களைப் பார்த்தா தெரியாதவ மாதிரி நில்லு. அவ வாழ்க்கைடி" என்றாள்.

அதனால் அவர்கள் வந்து உட்கார்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, நான் கயிற்றின் மறுகோடிக்குப் போய் நின்றேன். அவர்கள் பக்கத்தில் என் சிநேகிதி நின்றாள். பாலக்கரையிலிருந்து வருகிற முஸ்லிம் பெண். அணியில் எனக்கு அடுத்தபடி அவள்தான். பேச்சு குறைவு, கை சுத்தம். இந்துப் பண்டிகைக்கு வருகிறாயா என்று டீச்சர் தயங்கிக் கேட்டபோது, "தண்ணில விழறவங்க யாரா இருந்தா என்ன டீச்சர், அத்தாகிட்ட கேட்டுட்டேன்" என்றவள் அவள்.

படிகள் முழுக்கப் பெண்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு தாம்பாளம்: மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, பழம், காப்பரிசி. தாலியை மாற்றும்போது கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று, மஞ்சள் துண்டு கோத்த ஒரு கயிற்றை முதலில் கட்டிவிடுவார்கள். பிறகு பழைய கயிற்றிலிருந்து தாலியைக் கழற்றித் தட்டில் வைத்து, புதுக் கயிற்றில் கோத்துக் கட்டுவார்கள். உட்கார்ந்தவள் கட்டி முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் ஆகாது.

அக்காவின் தாலியைக் கழற்றித் தட்டில் வைத்த நேரத்தில்தான் மேலேயிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது.

எல்லாரும் அப்படியே நின்றோம். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தேன். மண்டபத்து வாசலில் ஒரு போலீஸ்காரர் டீச்சரிடம் கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதற்குள் முளைப்பாரியோடு ஒரு கூட்டம் மேளம் நாகசுரத்தோடு படியில் இறங்கியது. டீச்சர் அந்தக் கூட்டத்தில் மறைந்துவிட்டார். ஒலிபெருக்கியில் யாரோ ஒரு காணாமல் போன பையனின் சட்டை நிறத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்த விசில் வரவேயில்லை.

நாங்கள் நின்றோம். கயிறு கையில், பார்வை நேரே, எறும்புப் புற்றுக்காரி மாதிரி.

கணுக்காலில் ஏதோ சில்லென்று பட்டது. குனிந்தேன். நான் காய்ந்த படியில் நின்றிருந்தேன், அது இப்போது தண்ணீருக்குள் இருந்தது. ஆற்றின் நிறம் செம்மண்ணாக மாறியிருந்தது. பெண்கள் மிதக்கவிட்ட பூக்கள் கீழே போகாமல் படிமேல் ஏறி வந்தன. மேற்கே முக்கொம்பு அணையில் தண்ணீர் கூடினால் இங்கே எப்படி ஏறும் என்று பெரியவர்கள் பேசி நிறையக் கேட்டிருக்கிறேன்.

பயப்பட வேண்டியவர்களோ குலவையிட்டார்கள்! "பெருக்கு வருதுடி, பெருக்கு வருது!" என்று ஒரு பெண் கைகொட்டிச் சிரித்தாள். பெருக்கைக் கும்பிட வந்தவர்களிடம் பெருக்கு வருகிறது ஓடுங்கள் என்றால் யார் ஓடுவார்கள்? குலவை ஒரு குடும்பத்திலிருந்து அடுத்த குடும்பத்துக்குத் தாவி, படித்துறை முழுக்கப் பரவியது. அந்தச் சத்தத்தில் மேலே பத்து பேர் விசில் ஊதினாலும் கேட்டிருக்காது.

என் அணிப் பெண்கள் முழங்காலளவு தண்ணீரில் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தியும் அசையவில்லை. நானும் அசையவில்லை. விசில் வராமல் இடத்தை விட்டால் ஸ்கார்ஃபைக் கழற்றி வாங்கிவிடுவார் டீச்சர். அப்போது கயிற்றுக்கு இந்தப் பக்கமே ஒரு சின்னப் பெண் சறுக்கி விழுந்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் சடையைப் பிடித்து இழுத்துத் தூக்கினாள். அந்தக் குழந்தை வீரிட்டு அழுததைக் கேட்டதும் எனக்கு விசிலாவது ஒன்றாவது என்றாகிவிட்டது.

"எல்லாரும் மேல ஏறுங்க! தண்ணி வருது! ஏறுங்க!" என்று இருந்த குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

கேட்டது. கேட்டு என்ன? "இரும்மா, முடிச்சுட்டு வரோம்" என்றாள் ஒருத்தி. "பாதியில எழுந்திருக்கச் சொல்றியே, நல்லாயிருப்பியா?" என்றாள் இன்னொருத்தி. நான் படியோடு ஓடி அக்காவிடமே போய்விட்டேன். தெரியாதவள் வேஷம் அதோடு போயிற்று. "அக்கா, எழுந்திரு." அக்கா என்னைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். தண்ணீர் அவள் புடவையை நனைத்துவிட்டிருந்தது.

"கன்னிப் பொண்ணு வாயில வர்ற வார்த்தையா இது?" என்றார் மாமியார். "தாலி தட்டுல இருக்கும்போது எழுந்திருக்கறதாவது!"

அம்மா கண்ணாலேயே என்னைப் போ போ என்று கெஞ்சினாள். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வரும். அந்த நேரத்தில் பக்கத்துக் குடும்பத்தின் தட்டு ஒன்று தண்ணீரில் கிளம்பி ஆடியது. அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தவள், "ஐயோ தட்டு!" என்று பாய்ந்து எழுந்து அதைப் பிடித்தாள்.

தட்டு போனால் எழுந்திருக்கிறார்கள்!

"ஒருத்தி விட்டு ஒருத்தி கயித்தைப் பிடிங்க!" என்று என் பெண்களிடம் கத்தினேன். "மத்தவங்க பக்கத்துல இருக்கற தட்டைத் தூக்குங்க! தூக்கிக்கிட்டு மேல ஓடுங்க! கீழ வைக்காதீங்க!"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. என் சிநேகிதிக்குப் புரிந்தது. அவள் முகம் வெளுத்தது.

"நானாடி? தாலி இருக்குடி அதுல. நான் தொட்டா..."

"தெரியும். தூக்கு."

அவள் குனிந்து அக்காவின் தட்டை இரண்டு கையாலும் எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள். "ஏய்! ஏய்! தாலிடி அது! பிடிங்க அவளை!" என்று மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினார். அந்த உடம்பு அத்தனை வேகமாகப் படியேறும் என்று நான் நினைக்கவில்லை. அவர் பின்னால் அக்கா, அக்கா பின்னால் அம்மா. அதைப் பார்த்துத்தான் மற்ற பெண்களுக்குத் தைரியம் வந்தது. படித்துறை நெடுகத் தட்டுகள் எழுந்தன. எங்களுக்குக் கிடைத்த பட்டங்களில் திருடி என்பதுதான் கொஞ்சம் மரியாதையானது. ஆனால் ஏறினார்கள். அத்தனை பேரும் ஏறினார்கள்.

கயிற்றைப் பிடித்திருந்தவர்களைக் கடைசியாக ஏற்றினேன். அவர்களுக்குத் தண்ணீர் தொடைக்கு வந்திருந்தது. மேலே வந்து திரும்பிப் பார்த்தபோது, அக்கா உட்கார்ந்திருந்த படி எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுழித்துக்கொண்டு தண்ணீர்தான் போயிற்று. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார். ஊதி ஊதி உதடு சிவந்திருந்தது. "எத்தனை தடவை ஊதினேன்! கேட்டுச்சா?" என்றார். "கேக்கலை டீச்சர்" என்றேன். என் தோளை அழுத்திப் பிடித்தார்.

மண்டபத்துத் தூணருகே சத்தம் கேட்டு எழுந்து போனேன். என் சிநேகிதி தட்டோடு நின்றிருந்தாள். அவளைச் சுற்றிக் கூட்டம்.

"நெத்தியில பொட்டைக் காணோம். யார் வீட்டுப் பொண்ணு நீ?" என்று மாமியார் மூச்சிரைக்கக் கேட்டார்.

"பாலக்கரைங்க. நாங்க முஸ்லிமுங்க."

அவள் பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் விதிகளில் அதற்கு இடமில்லை, அவள் குணத்திலும் இல்லை. மாமியார் அம்மாவிடம் திரும்பினார். "பாதியில எழுந்தாச்சு. கண்டவங்க தொட்டாச்சு. இந்தத் தாலியை எப்படிக் கட்டறது? உங்க பொண்ணை நீங்களே வெச்சுக்குங்க. ஆவணியில கூப்பிட ஆள் வராது, பார்த்துக்குங்க."

"சம்பந்தியம்மா, அப்படிச் சொல்லாதீங்க" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். படித்துறை முழுக்கக் கேட்கக் கத்தியவள் நான். அக்காவின் வாழ்க்கை என் ஒரு கட்டளையால் போயிற்று என்றே நினைத்தேன். என் சிநேகிதி தட்டைத் தரையில் வைக்கக் குனிந்தாள்.

"கீழ வைக்காதே" என்றாள் அக்கா.

அது அக்காவின் குரல்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் ஈரப்புடவையோடு வந்து தட்டிலிருந்து தாலியை எடுத்தாள். நிதானமாகப் புதுக் கயிற்றில் கோத்தாள். கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, "இந்த நுனியைக் கொஞ்சம் பிடிச்சுக்கம்மா" என்று என் சிநேகிதியிடம் நீட்டினாள். இந்த முறை சிநேகிதி என்னைக் கேட்கவில்லை. தட்டை என் கையில் திணித்துவிட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள். அக்கா தானே முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். பிறகு மாமியாரின் காலில் விழுந்தாள்.

"ஆசீர்வாதம் பண்ணுங்க அத்தை."

சுற்றிலும் ஈரம் சொட்டச் சொட்ட அத்தனை பெண்கள். ஆடிப்பெருக்கன்று காலில் விழுந்த மருமகளை யாரால் மறுக்க முடியும்? அவர் கை அக்காவின் தலைக்கு வந்துசேர வெகு நேரமாயிற்று. வந்தது.

அக்கா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆவணி பிறந்ததும் நானே வந்துடறேன் அத்தை. கூப்பிட ஆள் வர வேண்டாம்" என்றாள்.

அப்படியே போனாள். மண்ணச்சநல்லூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்டக்டரிடம் தன் டிக்கெட்டைத் தானே கேட்டு வாங்கினாள். கூட வருகிறேன் என்று கீழே நின்று கெஞ்சிக்கொண்டிருந்த அப்பாவிடம், வெயிலில் நிற்காமல் வீட்டுக்குப் போகச் சொன்னாள்.