கெண்டை நடக்காது என்றேன்

விலங்கியல் படித்த திமிரோடு கல்லூரி விடுமுறைக்கு நாமக்கல் பக்கத்து எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். மழை பொய்த்த வருஷம். ஏரியில் கடைசிச் சேறும் வெடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பண்ணையாள் அதைத் துழாவி ஏழு பனையேறிக் கெண்டை பிடித்து வந்தார். பிள்ளை பெற்றுப் பத்து நாளான அவர் மனைவிக்குப் பால் ஊறவில்லை. தினம் ஒரு மீன் குழம்பு வைத்துக் கொடுத்தால் ஊறும் என்று நம்பினார். மீன்களை உயிரோடு பானைத் தண்ணீரில் விட்டு, பானை வாயைச் சாக்கால் கட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்குப்பா கட்டுற? மூச்சு முட்டிச் செத்துராதா?"

"ஏறிப் போயிருமுங்க, சின்னப் பண்ணாடி."

சிரித்துவிட்டேன். உடம்பு எப்படியோ ஓட்டமும் அப்படித்தான் என்று பாடமே எடுத்தேன். விலாங்கு கயிறு மாதிரி, நெளிந்து எங்கேயும் நுழையும். கெண்டைக்குப் பக்கவாட்டில் தட்டை உடம்பு. வாலால் தண்ணீரை உதைத்தால்தான் நகரும். தரையில் விட்டால் சாய்ந்து விழும், அவ்வளவுதான்.

"பனையேறின்னு பேரு வெச்சிருக்காங்களேங்க?"

"யானைன்னு பேரு வெச்சா தும்பிக்கை மொளைக்குமா? கெண்டை கெண்டைதான். அவுத்துட்டு, விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்து."

"வேண்டாமுங்க" என்றாள் அவர் மனைவி, குடிசைக்குள்ளிருந்து. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவிழ்த்தார். படியளக்கும் பண்ணாடி மகன் சொன்னால் வேறென்ன செய்வார்?

மத்தியானம் நாலு தூறல் விழுந்தது. மண் வாசம் கிளம்பியதோடு சரி. மீன்களுக்கு அது போதும். சாயங்காலம் போனால் பானை காலி, வாசல் புழுதியெல்லாம் கீறல். ஆறு மீனைக் காக்கை கொத்தியிருந்தது. ஏழாவது வேலியோரம் இன்னும் போய்க்கொண்டிருந்தது. செவுள் மூடி முள்ளை விரித்து மண்ணில் ஊன்றி, வாலை உந்தி, கோணிக் கோணி. பாடப் புத்தகத்தில் இருந்திருக்கும். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டேன்.

"என்னைய நாலு வார்த்தை ஏசுப்பா" என்றேன்.

"படிச்சவங்க நீங்க. எங்களுக்கு என்னங்க தெரியும்" என்று அந்த மீனைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு நாள் குழம்பு ஆனது. அம்மா ஆட்டுப்பால் கொடுத்தனுப்பினாள். குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மீன் போன ஒன்பதாம் நாள் குடிசைப் பக்கம் ஒப்பாரி கேட்டது; அவர் வேலைக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பிவிட்டேன். விடுமுறை இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது.