தங்கை எழுதிக் கொடுத்த லாக்புக்

1. ஒரே பேனா

"இதை யார் எழுதினது?" என்று கேட்டார் கேப்டன் மேடம்.

சென்னையில் ஒரு விமான நிறுவனத்தின் இன்டர்வியூ அறை. எதிரே மூன்று பேர். நடுவில் இருந்த சீனியர் பைலட்தான் கேப்டன் மேடம்; அவர் கையில் என் லாக்புக். அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர் இந்தக் கேள்விக்குத் தமிழுக்கு மாறினார்.

தயாராகாமல் போனவன் இல்லை நான். பைலட் லைசென்ஸ் வாங்கிய பிறகு மரக்காணத்தில் இரண்டு வருடம் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு வந்த முதல் அழைப்பு அது. தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. நாற்பது நாள் படித்தேன். டெலிகிராம் குழுவில் கிடைத்த கேள்வித் தொகுப்பை ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்தேன். "உங்கள் பலவீனம் என்ன?" என்பதற்குக்கூடக் கண்ணாடி முன் நின்று பதில் பழகினேன், எந்த இடத்தில் லேசாகச் சிரிக்க வேண்டும் என்பது உட்பட. அத்தனை கூத்துக்கும் அவர்கள் அதில் ஒன்றையும் கேட்கவில்லை. நேராக லாக்புக்கைத் திறந்தார்கள்.

ஒரு பைலட் தான் பறந்த ஒவ்வொரு பயணத்தையும் அன்றன்றே தன் கையால் பதிந்து வைக்கும் புத்தகம் அது. எந்த விமானம், எத்தனை மணி நேரம், எத்தனை லேண்டிங், என்ன நடந்தது எல்லாம் இருக்கும். பயிற்றுநர் கையெழுத்துப் போட்டு சீல் வைப்பார். என்னுடையது புயல் மழையில் வீடு ஒழுகியபோது நனைந்து உப்பிப் போய்விட்டது. அட்டை கழன்று, அடித்தலும் திருத்தலுமாக, பார்க்கவே சகிக்காது. இதையா பெரிய மனிதர்கள் முன்னால் நீட்டுவது என்று கூசியது. புது லாக்புக் ஒன்று வாங்கினேன். என் தங்கை கலையரசிக்கு முத்து முத்தான கையெழுத்து. இரண்டு வாரம் உட்கார்ந்து என் இருநூறு மணி நேரத்தையும் எழுதிக் கொடுத்தாள். பயிற்றுநர் கையெழுத்துள்ள கடைசிப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் பின்னால் செருகினேன்.

எங்கள் வீட்டில் இது தப்பாகவே தோன்றாது. அப்பாவுக்கு உப்பளம். வியாபாரி வருகிறார் என்றால், பழுப்பேறிய குவியலின் மேல் அன்று வாரிய வெள்ளை உப்பை நாலு கூடை தூவிவிடுவார். வியாபாரி அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். சின்ன வயதிலிருந்து பார்த்த அந்தக் கை இங்கேயும் வரும் என்று எனக்கு உறைக்கவில்லை.

"என் தங்கச்சி எழுதினா மேடம்," என்றேன்.

"ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரு அடித்தல்கூட இல்ல. பறக்காமலே பறந்ததா எழுதிட்டு வர்றவங்கதான் இப்படி நீட்டா கொண்டாருவாங்க. நீங்க நெஜமா பறந்தீங்களா?"

வேலை தர மாட்டார்கள் என்று பயந்துகொண்டு போனவன் நான். திருடன் என்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"பறந்தேன் மேடம்," என்றேன்.

"அப்ப ஒரிஜினல் எங்க? நாலு மணிக்குள்ள என் டேபிளுக்கு வரணும். இல்லன்னா உங்க ஃபைல மூடிடுவேன்."

அப்போது மணி பதினொன்று.

2. பாய் கடை

வராந்தாவுக்கு ஓடி வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். "கலை, அந்தப் பழைய லாக்புக்க எடுத்துக்கிட்டு உடனே பஸ் ஏறு."

"நீதானேண்ணா, இனிமே இந்தக் குப்பை எதுக்குன்னு தூக்கிப் போட்ட? போன வாரம் உன் நோட்டெல்லாம் கட்டி கூனிமேடு பாய் கடையில போட்டுட்டேனே."

சொன்னது நான்தான். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து நடந்ததைப் பிறகுதான் கலை சொன்னாள். ஸ்கூட்டியில் கூனிமேடு போயிருக்கிறாள். பழைய பேப்பர் கடை பாய், "லோடு முந்தாநேத்தே போயிடுச்சேம்மா," என்றதும் கடை வாசலிலேயே அழுதிருக்கிறாள்.

"என்னா புக்கும்மா அது?"

"எங்கண்ணன் பைலட் புக்கு பாய். கையெழுத்து, சீலு எல்லாம் இருக்கும்."

"சீல் வெச்சதா? அட, அழாதம்மா. சீல் இருக்குற எதையும் நான் லோடுல ஏத்த மாட்டேன். சர்டிபிகேட்டு, பத்திரம், ஒருக்கா பாஸ்போர்ட்டே வந்துச்சு. என்னைக்காச்சும் யாராவது ஓடியாருவாங்கன்னு எடுத்து வெச்சிடுவேன்."

தராசுக்குப் பின்னால் இருந்த பலகையிலிருந்து என் குப்பையை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்திருக்கிறார். ஸ்கூட்டியை அங்கேயே விட்டுவிட்டு, கலை சென்னை பஸ் ஏறினாள். மூன்று நாற்பதுக்கு வீட்டுச் சுடிதாரோடு கேட்டில் வந்து நின்றாள்.

3. விட்டுப்போன வரி

கேப்டன் மேடம் ஒட்டியிருந்த பக்கங்களை நகத்தால் மெல்லப் பிரித்தார். ஒரு பக்கம் வந்ததும் நிறுத்தினார். பிறகு புது லாக்புக்கில் அதே தேதியைத் தேடி இரண்டையும் அருகருகே வைத்தார்.

பழையதில் என் கோணல் எழுத்து இருந்தது. 'தனியாகப் பறந்தேன். பக்கக் காற்று. மூன்று கோ-அரவுண்ட். நாலாவதில் லேண்டிங். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.' கோ-அரவுண்ட் என்றால் இறங்கப் போய், சரிப்படாமல், மறுபடி மேலே ஏற்றிவிடுவது.

புதியதில் 'லேண்டிங்: 1' என்று மட்டும் இருந்தது.

"இந்த வரி ஏன் இதுல இல்ல?"

"கேவலமா இருக்குன்னு நான்தான் விடச் சொன்னேன் மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரியா வரலன்னு தெரிஞ்சு மூணு தடவ மேல ஏத்தின ஆள நம்பி, நான் ஒரு பிளேன் நெறைய ஜனங்கள ஏத்துவேன். அதை மறைக்கிற ஆளை நம்பி எப்படிப்பா ஏத்துறது?"

நாற்பது நாள் படித்ததில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. பிறகு அரை மணி நேரம் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டுமே கேட்டார். காற்று எந்தப் பக்கம், எப்போது பயந்தீர்கள், நாலாவது முறை என்ன மாற்றினீர்கள். உளறிக் கொட்டினேன், ஆனால் எல்லாம் நடந்தவை. கடைசியில், தரையிலேயே விமானம் ஓட்டிக் காட்டும் சிமுலேட்டர் டெஸ்டுக்குத் தேதி கொடுத்தார். புது லாக்புக்கை என் பக்கம் தள்ளினார்.

"இதை வேற எங்கயும் காட்டாதீங்க. போலின்னு யாராவது புகார் குடுத்தா, எழுதின பொண்ணும் சேர்ந்து மாட்டும்."

அன்றைக்கு வாங்கிய அடிகளில் இதுதான் பலமாக விழுந்தது. அந்தப் பெண் ரிசப்ஷனில் பசியோடு உட்கார்ந்திருந்தாள்.

நான் வேலைக்குச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. இன்டர்வியூவுக்கு எவ்வளவு படிக்க வேண்டும் என்று இப்போதும் பலர் கேட்கிறார்கள். பத்து நாள் போதும். பதினோராவது நாள் உங்கள் லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். எந்த வரியைப் பார்த்ததும் மூடிவிடத் தோன்றுகிறதோ, அந்த வரிக்குத் தயாராகுங்கள். அதற்கு மேல் செய்வதெல்லாம் நாலு கூடை வெள்ளை உப்பு.

அன்று திரும்பும் பஸ்ஸில் கலை கேட்டாள். "ஏண்ணா, என் கையெழுத்த பாத்தாங்களா? என்னா சொன்னாங்க?"

"பாத்தாங்க. ஒரு அடித்தல்கூட இல்லன்னு சொன்னாங்க."

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் மரக்காணம் வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.