மூன்றாம் தெரிவை வெட்டிய கை

திரையில் இரண்டு தெரிவுகளே நின்றன. நான் எழுதிக் கொடுத்தவை மூன்று. தலைச்சோலைக்கு அருகே ஓர் எஸ்டேட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் ஷெட்டில், வேலைக்கு வந்த பெண்கள் அனைவரும் பார்த்திருக்க, மூன்றாவது காணாமற்போயிருந்தது. அந்தக் காலையை இன்றும் சினமின்றி என்னால் எழுத இயலவில்லை.

1. என்ஜின்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏற்காடு டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராமராக இருந்தேன். படக்கதை விளையாட்டுகளை ஓட்டும் ஓர் எளிய என்ஜினை, அதாவது அடிப்படை புரோகிராமை, அங்கே உருவாக்கினேன். திரையில் படம், அதன் கீழே கதை, அதற்கும் கீழே எண்ணிட்ட தெரிவுகள். ஆடுபவர் எண்ணை அழுத்தினால் கதை அவ்வழியே செல்லும். தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக நானே வரைந்து சேர்த்தேன். கதை தனியே ஒரு டெக்ஸ்ட் பைலில் இருக்கும். புரோகிராம் அறியாதவரும் அதைத் திறந்து திருத்தலாம். எல்லாம் ஒரே பிளாப்பியில் அடங்கும். மானிட்டர் கலராயினும் கறுப்பு வெள்ளையாயினும், செருகினால் ஓடும்.

காப்பிச் செடிக்கு மருந்தடிப்போருக்குப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டுமென்று எஸ்டேட் மேனேஜர் கேட்டார். காப்பி வாங்கும் கம்பெனி அதை வற்புறுத்தியிருந்தது. மருந்தடிக்கும் பழனியம்மாளிடம் கதை கேட்கச் சென்றேன். ஸ்பிரேயர் கசிந்து அவர் கைகள் வெந்து தோலுரிந்திருந்தன. கையுறை கேட்டதற்கு மேஸ்திரி சிரித்தாராம். அதையே எழுதினேன். மருந்து கையில் வழிகிறது, என்ன செய்வாய்? ஒன்று, சோப்புப் போட்டுக் கழுவுவேன். இரண்டு, மேஸ்திரியிடம் சொல்வேன். மூன்று, கையுறை கொடுத்தால்தான் மருந்தடிப்பேன். ஆடிக் காட்டச் சொன்னபோது பழனியம்மாள் தயங்காமல் மூன்றை அழுத்தினார்.

2. மஸ்டர் ஷெட்

"ஏனுங்க சார், கையுறை கேக்குற எடம் எங்கீங்க? அன்னிக்கு இருந்துச்சுங்களே?" என்று பழனியம்மாள் அனைவர் முன்னிலையிலும் கேட்டார்.

மேனேஜர் முந்திக்கொண்டார். "அது எதுக்கும்மா? மருந்தடிக்கச் சொல்லிக் குடுக்கறமா, சண்டைக்கு ஆள் சேக்கறமா?" பின்பு என் பக்கம் திரும்பினார். "நொம்ப நல்ல என்ஜினுங்க. நம்ம ரைட்டரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள மாத்திப்போட்டாரு."

அந்தப் பாராட்டைப் போல் ஒரு வசை என் செவியில் விழுந்ததில்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் அந்த ரைட்டர் வெட்டியதோடு நிற்கவில்லை. கதையின் இறுதியில் ஒரு வரியும் சேர்த்திருந்தார்: தொழிலாளியின் கவனக்குறைவே காயத்துக்குக் காரணம்.

"கையி வெந்ததும் எனக்கு, தப்பும் எனக்கேவாம்," என்றார் பழனியம்மாள். "மருந்து மட்டும் ஒண்ணுந்தெரியாத பச்சப் புள்ளைங்களாக்கும்?"

பெண்கள் உரக்கச் சிரித்தனர். மேனேஜர் முகம் சிவந்தது. "ரைட்டர், மெயின ஆப் பண்ணுங்க!"

திரை அணைந்தது. திருத்தப்படாத கதை என் பையில் வேறொரு பிளாப்பியில் இருந்தது. அதைப் பழனியம்மாளின் கையில் வைத்தேன்.

"இத எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டாலும் ஓடுங்கம்மா. மஞ்சக்குட்டை ஸ்கூல்ல ஒண்ணு இருக்கு. உங்க கதை, நீங்களே வெச்சுக்குங்க."

3. பூட்டு

சென்டர் முதலாளிக்குச் செய்தி எனக்கு முன்பே எட்டியிருந்தது. "புரோகிராமுக்குள்ள கதைய வெச்சுப் பூட்டியிருக்கணுமுங்க. ஒவ்வொரு திருத்தத்துக்கும் நம்மகிட்டயே வந்து நிப்பாங்க."

"மூணாவத வெட்டச் சொன்னா?"

"பில்லப் போட்டு வெட்டிக் குடுப்போம்."

ஒருவர் இலவசமாக வெட்டினார். இவர் கூலிக்கு வெட்டத் துடித்தார். பூட்டு எழுத மறுத்தேன். என் வேலை போயிற்று.

ஞாயிறன்று பெண்கள் ஜீப்பில் மஞ்சக்குட்டைக்குச் சென்று, ஆசிரியரைப் பள்ளியைத் திறக்கச் சொல்லி, பள்ளிக் கம்ப்யூட்டரில் முழுக் கதையையும் ஆடிப் பார்த்தனர். திங்களன்று ஒருவரும் ஸ்பிரேயரைத் தோளில் ஏற்றவில்லை. மேனேஜர் கத்தினார், மிரட்டினார். செடியில் நோய் ஏற ஏற அவர் குரல் இறங்கியது. சேலத்திலிருந்து பஸ்ஸில் கையுறைகள் வந்தன. எல்லாம் ஆண்களின் கைக்கு அளவானவை. பழனியம்மாள் மணிக்கட்டில் சணல் கட்டி அணிந்துகொண்டார். அதை வெற்றியென்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்று என்ஜின் செய்யும் இளையோர்க்குச் சொல்வேன். கதையைப் பூட்டாதீர்கள். ஆனால் பணம் கொடுத்தவரிடம் தருமுன், அதன் பிரதியொன்றைக் கதைக்கு உரியவரிடம் கொடுத்துவிடுங்கள். யாரும் திருத்தலாம் என்பதை என் என்ஜினின் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அந்த எஸ்டேட்டிலோ கீபோர்டு மேனேஜரின் பிடியில் மட்டுமே இருந்தது.